மதுரையில் ஒரு ஞாயிறு காலை: பிள்ளைகளோடு வெளியே கிளம்புவது எப்படி

மதுரைக்கு மாற்றலாகி வந்தவர்கள் முதல் மூன்று மாதத்தில் கோயில், மகால், காந்தி மியூசியம் எல்லாம் பார்த்துவிடுகிறார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல் மாலுக்குப் போகிறார்கள். இங்கேயே பிறந்தவர்களும் பலர் அப்படித்தான். நாலு நாள் லீவு கிடைத்தால் கொடைக்கானல், இல்லையென்றால் வீடு. ஆனால் ஊரைச் சுற்றி அரை மணி, முக்கால் மணி தூரத்தில் நாகமலை, யானைமலை, சமணர் மலை, அழகர் மலை என்று மலைகளும், அவற்றின் காலடியில் கண்மாய்கள் எனப்படும் ஏரிகளும் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களுக்கு டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. காலையில் எழுந்து கிளம்பினால் போதும்.

அப்படிக் கிளம்பிப் பழக்கமே இல்லாத குடும்பத்துக்காக இதை எழுதுகிறேன். ஐந்து வயதில் ஒன்று, பத்து வயதில் ஒன்று, முடிந்தால் கூடவே ஒரு அப்பத்தா, இப்படி ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: பத்து இடத்தை ஒவ்வொரு தடவை பார்ப்பதைவிட, பக்கத்தில் இருக்கும் ஒரே இடத்துக்குப் பத்துத் தடவை போங்கள். பிள்ளைக்கு அந்த இடம் பழகிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

மதுரை வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது. மார்கழி, தை மாதங்களில்கூட பத்து மணிக்கு மேல் வெட்டவெளிப் பாறையில் சின்னப் பிள்ளைகளை நிறுத்திவைக்கக் கூடாது. பங்குனி, சித்திரை என்றால் எட்டரைக்கே மூட்டை கட்டிவிட வேண்டும். அதனால் வெளிச்சம் வரும்போது அங்கே இருக்க வேண்டும், வெயில் ஏறும்போது திரும்பியிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் போதும். பறவைகளும் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். நமக்கும் அவற்றுக்கும் ஒரே கால அட்டவணை.

இதற்கு வேலை சனிக்கிழமை இரவே தொடங்குகிறது. பையைக் கட்டி வாசலில் வைத்துவிடுங்கள். துணியை எடுத்துவைத்துவிடுங்கள். பிள்ளைகளை ஒன்பது மணிக்குப் படுக்க வைத்துவிடுங்கள். காலையில் ஐந்தேகாலுக்கு எழுப்பி, முகம் கழுவி, பாலோ காப்பியோ குடித்துவிட்டு நேரே வண்டி ஏற வேண்டும். குளியல், பலகாரம் எல்லாம் பிறகு. "குளிக்காமலா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். திரும்பி வரும்போது காலெல்லாம் செம்மண்ணாக இருக்கும், வந்து குளித்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

தொடக்கம் தெப்பக்குளத்தில்

நேரே மலை ஏறப் போகாதீர்கள். முதலில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போங்கள். 1645-இல் திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டிய குளம். ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். சுற்றி வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர் பக்கம் வரும். உங்கள் வீட்டுச் சின்னது எவ்வளவு தூரம் தூக்கச் சொல்லாமல் நடக்கும், எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீர் கேட்கும், செருப்பு கடிக்கிறதா என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும். ஒரு சுற்று சிணுங்காமல் நடந்தால் அடுத்த கட்டத்துக்குத் தயார். இரண்டு வயதுக் குழந்தை என்றால் தமுக்கம் பக்கத்தில் இருக்கும் ராஜாஜி பூங்காவோ, மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய சுற்றுச்சூழல் பூங்காவோ போதும். அவசரம் ஒன்றும் இல்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர்தான் முதல். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர், பிள்ளைகளுக்கு அரை லிட்டர், மேற்கொண்டு ஒரு பாட்டில் வண்டியில். ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தொப்பி. வீட்டுச் சாப்பாடு, அதாவது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை மாதிரி ஒழுகாதது. வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், குரங்கு இருக்கும் இடத்தில் அது வம்பு.

காலுக்கு ஷூ கட்டாயம். மதுரைக் காட்டில் பயப்பட வேண்டியது பாம்புக்கு முன்னால் முள்ளுக்குத்தான். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். தரையில் நெருஞ்சி வேறு. பெரியவர்கள் இடுப்பில் தொங்கவிட்டிருந்த முள்வாங்கி ஞாபகம் இருக்கிறதா? அதை ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் பஞ்சு, டெட்டால், பிளாஸ்திரி. முழுக்கால் பருத்தித் துணி, பச்சை, காக்கி, பழுப்பு மாதிரி மங்கல் நிறம். பளிச்சென்ற மஞ்சள் சட்டையைப் பார்த்தால் பறவைகள் தூரத்திலேயே எழும்பிவிடும்.

கழிப்பறை பற்றி யாரும் எழுதுவதில்லை. மலையடிவாரங்களிலும் கண்மாய்க் கரையிலும் இருக்காது. வழியில் பெட்ரோல் பங்கில் நிறுத்தி எல்லோரையும் போய்வரச் சொல்லுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகளை.

பைனாகுலர் உடனே வாங்க வேண்டியதில்லை. ஆர்வம் நிலைத்தால் 8 மடங்கு பெரிதாக்குவது ஒன்று வாங்கலாம். அதைவிட முக்கியம், பத்து வயதுப் பிள்ளையின் கையில் ஒரு நோட்டும் பென்சிலும். எப்போதும் ஒரு மஞ்சப்பை, நம் குப்பையைத் திருப்பி எடுத்து வர.

ஒரு கண்மாயைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்

நான் சொல்வதில் முக்கியமான பகுதி இதுதான். உங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு கண்மாயைத் தேர்ந்தெடுங்கள். தெற்கு, கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாமநத்தம் கண்மாய் அருமையான இடம், பறவை பார்ப்பவர்கள் தேடிப் போவது. மற்ற பக்கங்களிலும் பெயர் தெரியாத கண்மாய்கள் நிறைய. அகலமான கரை, கரை மேல் பனையோ புளியோ, உள்வாயில் கொஞ்சமாவது தண்ணீர், வண்டி நிறுத்த இடம், இவ்வளவு இருந்தால் சரி.

போனதும் கரையில் ஆடு மேய்ப்பவரோ, மடைப் பக்கம் நிற்பவரோ இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். "ஐயா, பிள்ளைகளுக்குப் பறவை காட்டலாம்னு வந்தோம், இப்படிப் போகலாமா?" என்று கேட்டால் போதும். "எந்த ஊருப்பா? அந்தக் கலுங்குப் பக்கம் போங்க, அங்கதான் கொக்கு நிறையக் கிடக்கும்" என்று பதில் வரும். கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் இடம். எங்கே பள்ளம், எங்கே சகதி, எந்தப் பக்கம் நேற்று பாம்பு கிடந்தது என்பதை அவரைவிட யாரும் சொல்ல முடியாது.

கரையில் ஓர் இடத்தில் உட்காருங்கள். நடப்பதைவிட உட்காருவதில்தான் நிறையத் தெரியும். பத்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னால் ஐந்து வயதுப் பிள்ளை இருக்காது. அதனால் ஒரு வேலை கொடுங்கள். "வெள்ளையாக இருப்பதை நீ எண்ணு, கறுப்பாக இருப்பதை அண்ணன் எண்ணட்டும்." இரண்டாம் தடவை வரும்போது வெள்ளையிலேயே இரண்டு மூன்று வகை இருப்பதை அதுவே சொல்லும். பெயர்களைக் கொட்டாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று பெயர் போதும்: நீர்க்காகம், உண்ணிக்கொக்கு, மீன்கொத்தி. அடுத்த வாரம் முக்குளிப்பான், தாழைக்கோழி, "டிட் யூ டூ இட்" என்று கேட்பது போலக் கத்தும் ஆள்காட்டி. சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது. பெரியவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு பறவையை மட்டும் நிதானமாகக் காட்டச் சொல்வேன்: நத்தைக்குத்தி நாரை. சாம்பல் கலந்த வெள்ளை உடம்பு, கறுத்த இறக்கை, ஆழமில்லாத தண்ணீரில் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கும். அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஒரு சந்து தெரியும். அதற்குள் வெளிச்சம் தெரிவதைப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சேற்றைத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டைத் தூள் தூளாக உடைக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் உருவித் தின்னும். நாரை போன பிறகு அங்கே கரையோரம் தேடினால் காலி நத்தை ஓடுகள் கிடைக்கும். இளம் பறவைகளுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். இதைச் சொன்னதும் பத்து வயதுப் பிள்ளை கூட்டத்தில் குட்டி நாரை எது என்று தேட ஆரம்பித்துவிடும்.

மழை தொடங்கும் மாதங்களில் அதே கரையின் பனைமரங்களில் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பாருங்கள். பாதி கட்டிய கூடு தொப்பி மாதிரி தொங்கும். ஆண் குருவி அதுவரை கட்டிவிட்டுப் பெண்ணைக் கூப்பிடும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும். கூட்டில் கை வைக்கக் கூடாது, பக்கத்தில் போய்ப் படம் எடுக்கவும் கூடாது. கீழே விழுந்து கிடக்கும் பழைய கூட்டை எடுத்துப் பின்னலைக் காட்டலாம். முதல் மழைக்கு மறுநாள் போனால் செம்மண்ணில் தம்பலப்பூச்சி ஊரும், சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டது போல. அதைப் பார்க்கவென்றே தனியாக ஒரு நாள் கிளம்பலாம்.

கண்மாய் கோடையில் வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் நிறையும், நல்ல வருஷத்தில் நிரம்பி வழிந்து மறுகால் பாயும். ஒரே இடத்தை இந்த மூன்று கோலத்திலும் பார்த்த பிள்ளைக்கு வைகை ஏன் சில மாதம் மணலாகக் கிடக்கிறது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தண்ணீரில் இறங்கக் கூடாது

இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கண்மாய்களில் மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். முழங்கால் ஆழம் என்று வைத்த அடுத்த அடி ஆளை முழுக்கிவிடும். நீச்சல் தெரிந்த பெரியவர்களே சேற்றில் சிக்கியிருக்கிறார்கள். மேலூர் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகளில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கியிருக்கும். பார்க்க அழகாக இருக்கும். செங்குத்தாக வெட்டிய குழி, ஏறக் கரையே இருக்காது. ஓரத்தில் நின்று செல்ஃபிகூட எடுக்காதீர்கள்.

பாம்பு விஷயம்: பெரியவர் ஒருவர் முன்னால் நடக்க வேண்டும், புல்லில் கையை விடக் கூடாது, பாறைச் சந்தில் விரலை நுழைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை ஆட்டாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை.

பாறை விளிம்புகளில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம். சென்ட் போடாமல் போங்கள், அடியில் நெருப்பு மூட்டாதீர்கள், கல் எறியும் பையனின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் பாறையிலிருந்து உடனே இறங்கிவிட வேண்டும்.

முதல் மலை: கீழக்குயில்குடி

கண்மாய் பழகிய பிறகு கீழக்குயில்குடியில் இருக்கும் சமணர் மலை. நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து திரும்பினால் வந்துவிடும். அடிவாரத்தில் கருப்பசாமி கோயில், தாமரைக் குளம், விழுது இறங்கிய ஆலமரங்கள். மலை ஏற முடியாத அப்பத்தா இந்த நிழலிலேயே காலை முழுக்க உட்கார்ந்திருக்கலாம். கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றுங்கள்.

சின்னப் பிள்ளை இருந்தால் முதலில் செட்டிப்புடவு. கொஞ்சப் படி ஏறினால் குகை. வெளியே பாறையில் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர் பெரிதாக உட்கார்ந்திருப்பார். உள்ளே கூரையை அண்ணாந்து பார்த்தால் சிங்கத்தின் மேல் ஏறிச் சண்டைபோடும் இயக்கி என்ற பெண் தெய்வத்தின் சிற்பம் இருக்கும். எங்கே சிங்கம், எங்கே யானை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அதே மலையில் மேலே இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்குப் போவது கொஞ்சம் ஏற்றம். பாறையில் வெட்டிய படிகள், மெதுவாக ஏறினால் அரை மணி. மேலே ஊற்று இருக்கிறது. பாறைச் சுவரில் வரிசையாகச் சிற்பங்கள். தலைக்கு மேல் பாம்பு படமெடுக்கும் பார்சுவநாதரைப் பிள்ளைகள் தாங்களே அடையாளம் கண்டுபிடிப்பார்கள். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கும், சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தையவை. அவற்றுக்குப் பக்கத்திலேயே நம் காலத்து ஆட்கள் பெயரைக் கிறுக்கி வைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. பிள்ளையிடம் அதைக் காட்டி, ஏன் கூடாது என்று அங்கேயே சொல்லுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசுவதும் தப்புதான்.

மழைக்குப் பிறகு மேலே பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நெளியும். சிற்பத்தைவிட அங்கேதான் உங்கள் பிள்ளை அதிக நேரம் நிற்கும். நிற்கட்டும், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இறங்கும்போது பெரியவர் கீழ்ப்படியில், பிள்ளை மேல்படியில். ஏறுவதைவிட இறங்குவதில்தான் வழுக்கும்.

அரிட்டாபட்டி

மேலூர் பக்கம், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு சிறு மலைகள், ஊற்றுகள், கண்மாய்கள், 250 வகைப் பறவைகள். ராசாளிப் பருந்து, லகுடு வல்லூறு, ஷாஹீன் வல்லூறு என்ற மூன்று வேட்டைப் பறவைகளும் இங்கே உண்டு. அவற்றைப் பார்க்கப் பாறை முகட்டைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார வேண்டும். தேவாங்கும் எறும்புத்தின்னியும் இருக்கின்றன, ஆனால் இரவில் நடமாடுபவை. பகலில் காட்டுகிறேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிவனின் ஒரு வடிவமான இலகுலீசரின் சிற்பம் இருக்கும் குடைவரைச் சிவன் கோயில், தமிழி என்ற மிகப் பழைய எழுத்தில் கல்வெட்டு இருக்கும் குகை இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம்.

2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது வெளியே தெரிந்ததும் சுற்றுவட்டார மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. மலையைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அதனால் ஊருக்குள் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், யாரிடமாவது வணக்கம் சொல்லிவிட்டு வழி கேளுங்கள், பாட்டு போடாதீர்கள், டீ அந்த ஊர்க் கடையிலேயே குடியுங்கள். வழி காட்ட ஊர்ப் பையன் யாராவது கூட வந்தால் கையில் ஏதாவது கொடுங்கள்.

பெரியவர்களோடு போக

அழகர்கோயில்தான். மதுரைக்கு வடக்கே 21 கிலோமீட்டர். கீழே கள்ளழகரைக் கும்பிட்டுவிட்டு, பழமுதிர்ச்சோலை, நூபுர கங்கை வரை வண்டியிலேயே போய்விடலாம். நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம், வழியெல்லாம் நிழல். கோடையில் பிள்ளைகளோடு போகத் தோதான ஒரே மலை என்றுகூடச் சொல்வேன். குரங்குகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள், பையைத் திறந்து காட்டாதீர்கள். சாலையை விட்டு உள்ளே இருப்பது காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. இறங்கி வந்து அழகர்கோயில் தோசை வாங்கிக்கொள்ளுங்கள்; அதன் மொறுமொறுப்பு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மிளகுதான் சிலருக்கு உறைக்கும்.

திண்டுக்கல் பக்கம் இருக்கும் சிறுமலைக்குப் போக ஆசைப்பட்டால் அது முழு நாள் வேலை, 18 கொண்டை ஊசி வளைவு. வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் வயிறு நிரம்பச் சாப்பிடக் கொடுக்காமல், எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

பொங்கல் லீவுக்கு ஒரு திட்டம்

இவ்வளவும் கொஞ்சம் கைவந்த பிறகு ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கிறது. யாரும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளைப் பெயரும் எண்ணிக்கையுமாக எழுதி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் வருஷம் முழுக்கப் போன அதே கண்மாய்க் கரையில் செய்யுங்கள். எழுதும் வேலை மூத்த பிள்ளைக்கு, எண்ணும் வேலை சின்னதுக்கு. தெரியாத பறவையை விட்டுவிடலாம், ஊகித்து எழுதக் கூடாது.

அது முடிந்த கையோடு வேட்டங்குடிக்கு ஒரு காலை. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் போகும் சாலையில், மதுரையிலிருந்து 50 கிலோமீட்டர் சொச்சம். 1977-இல் பறவைகள் சரணாலயமானது. பக்கத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் கலையக் கூடாது என்று பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே உங்கள் நத்தைக்குத்தி நாரைகள் மரம் மரமாகக் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும். மழை பொய்த்த வருஷம் என்றால் கண்மாய் வறண்டு பறவை குறைவாக இருக்கும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மாசி பிறந்தால் தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிடும். தை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.